தைலப் புட்டியில் என் மூஞ்சி

தைலம் காய்ச்சுவது பெரிய வித்தையில்லை. இது நாம் காய்ச்சியதுதான் என்று ஊரை நம்பவைப்பதுதான் பிராணனை வாங்கும் வேலை. சொந்தச் சரக்குக்குப் பேர் வைத்து அவதிப்பட்டவர்களுக்கு என் வயிற்றெரிச்சல் புரியும். சுதந்திரம் வந்த சமயம், சங்கரன்கோவிலில் 'அம்மன் மார்க்' தலைவலித் தைலம் போட்டேன். படிக்கத் தெரியாதவர்களும் படத்தைச் சொல்லிக் கேட்கட்டும் என்று லேபிளில் அம்மன் படம். கேட்கவும் செய்தார்கள்.

பொதுச் சாமி

கொஞ்ச நாளில் புளியங்குடிக் கடை ஒன்றில் அதே அம்மன், அதே பச்சைத் தாள், உள்ளே எவனோ காய்ச்சிய கண்றாவி. சண்டைக்குப் போனேன். கடைக்காரர் எலுமிச்சை மூட்டைமேல் உட்கார்ந்தபடி, எழுந்திருக்கக்கூட இல்லை.

"அம்மன் என்ன உம்ம வீட்டுச் சொத்தாவே?"

வக்கீல் யோசனை

திருநெல்வேலி வக்கீலிடம் ஓடினேன். மார்க்கைப் பதிவு பண்ணலாம், ஆனால் வெறும் சாமி படத்தை ஒருத்தருக்கு மட்டும் கொடுக்கமாட்டார்கள், கூட வேறு அடையாளம் வேண்டும் என்றார். ஸ்டுடியோவுக்குப் போய், வாழ்க்கையில் முதல்தடவையாகக் கோட்டு மாட்டிப் படம் எடுத்தேன். அம்மன் காலடியில் என் முகமும் அச்சேறியது. பதிவும் ஆயிற்று. வக்கீலுக்கு ஒரே பெருமை.

"சாமி எல்லாருக்கும் பொதுவே. உம்ம மூஞ்சி ஒண்ணுதான் உமக்கே சொந்தம்."

கிழிக்காத தாள்

கள்ளப் பயல்கள் லேபிள் அடிப்பதை விட்டுவிட்டு, என் காலிப் புட்டிகளையே வாங்கி நிரப்ப ஆரம்பித்தார்கள். தைலம் தீர்ந்ததும் தாளைக் கிழித்துவிடுங்கள் என்று தொண்டை வற்றச் சொன்னேன். யாராவது கிழித்தால்தானே! ராயகிரியில் ஒரு அம்மாளிடம் நேரிலேயே கேட்டேன். அவள் என்னை ஏதோ பாவியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"சாமி படத்தைக் கிழிச்சா கை விளங்குமா, அண்ணாச்சி? நல்லாத் துடைச்சு, முழுசாத்தான் பழைய புட்டிக்காரன்கிட்ட போட்டேன்."

அம்மனை வைத்தால் ஜனங்கள் மதிப்பார்கள் என்று கணக்குப் போட்டவன் நான். அந்த மதிப்புதான் என் கழுத்தை அறுத்தது.

இளையரசனேந்தல்காரர்

ஒருநாள் இளையரசனேந்தலிலிருந்து ஒருவர் மகளைக் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்தார். பிள்ளையின் நெற்றி முழுக்கக் கொப்புளம். அவர் நீட்டிய புட்டியை மோந்து பார்த்தேன்; ஏதோ ஆசிட் நெடி. புட்டி என்னுடையது, தாள் என்னுடையது, உள்ளே இருந்தது மட்டும் எனக்குச் சம்பந்தமில்லாதது. அம்மன் சத்தியமாக இது என் சரக்கில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அதற்குள் பஜாரே கூடிவிட்டது. அந்த மனுஷன் கத்தவில்லை, கையை ஓங்கவில்லை. லேபிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்போ இது யாரு மூஞ்சிவே?"

பதிவான மார்க்கை என்னிடமிருந்து யாராலும் பறிக்கமுடியாது என்று வக்கீல் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை; அந்தப் பழியில் கடையை மூடிய பிறகும் அதைக் கழற்றிப்போட எனக்கே வழியில்லை.