உதடு வேண்டாத சொல்

மத்தூருக்குத் தெற்கே எங்கள் ஊருக்குக் கரண்டு மோட்டார் வராத காலம். ஐம்பத்துமூன்றோ ஐம்பத்துநான்கோ இருக்கும். பண்ணைக்காரர் நாராயணப்பன் கிணற்றில், மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கும் கவலையை ஓட்டியவன் சென்றாயன். மாடுகள் சரிவில் இறங்கினால் வடக்கயிறு இழுபட்டுத் தண்ணீர்ச் சால் மேலே வரும். தொட்டியில் கொட்டியதும் மாடுகள் பின்பக்கமாகவே நடந்து கிணற்று விளிம்புவரை ஏறும், சால் மறுபடி உள்ளே இறங்கும். அந்த விளிம்பில் மாட்டை நிறுத்துவதுதான் உயிர்போகிற வேலை. மாட்டுக்கு முதுகில் கண் கிடையாது.

சென்றாயன் இரண்டு உதட்டையும் ஒட்டிவைத்துக் காற்றை ஊதி அதிரவிடுவான். ‘ப்ர்ர்ர்’ என்று ஒரு சத்தம் வரும். மாடுகள் அடித்துவைத்த முளை மாதிரி நிற்கும்.

ஒரு கோடையில் வடம் அறுந்தது. அதன் நுனியிலிருந்த இரும்புக் கொக்கி திரும்பி வந்து அவன் மேலுதட்டில் பாதியையும் முன்பற்களையும் கொண்டுபோயிற்று. மஞ்சளும் வேப்பெண்ணெயும் வைத்துக் கட்டினார்கள். புண் ஆறியது. வாய் மட்டும் அதற்குப் பிறகு மூடவேயில்லை.

உதடு வெற்றிலை போடவும் சிரிக்கவும்தான் என்று நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். அவன் பேசத் தொடங்கியபோதுதான் தெரிந்தது. ‘ப’ சொல்ல இரண்டு உதடும் ஒட்டிப் பிரியவேண்டும். ‘ம’ சொல்ல ஒட்டியே இருந்து காற்றை மூக்குக்கு அனுப்பவேண்டும். ‘வ’வுக்குக் கீழுதடு மேல்பல்லைத் தொடவேண்டும். சென்றாயனுக்கு இந்த மூன்றும் போய்விட்டன. அப்பாவும் அம்மாவும் போனார்கள். ‘ஐயா’ மட்டும் அப்படியே இருந்தது, அதற்கு உதடே வேண்டாம். பண்ணைக்காரனைக் கூப்பிடும் சொல்லை மட்டும் விட்டுவைத்த கடவுளை நான் அன்றைக்கே திட்டினேன், இன்றைக்கும் திட்டுகிறேன்.

அவன் முட்டாள் இல்லை. எங்கள் பக்கத்துச் சந்தையில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே கூடையில் கிடக்கும். வாய்க்கு ஒத்துவந்ததை அவன் பொறுக்கி எடுத்துக்கொண்டான். ‘வீடு’ வராது, தெலுங்கில் ‘இல்லு’ என்பான். ‘பால்’ வராது, கன்னடத்தில் ‘ஹாலு’ என்பான். ‘போ’வுக்குக் கன்னட ‘ஹோகு’. உப்புக்குத்தான் மூன்று பாஷையிலும் வழியில்லை, அது எங்கே போனாலும் உப்பு. கஞ்சியில் உப்பில்லாவிட்டால் பேசாமல் குடித்துவிடுவான்.

பெண்டாட்டி பெயர் மாரம்மா. முன்பெல்லாம் ‘மாரீ’ என்று கூப்பிடுவான். இப்போது அந்தப் பெயர் வாயிலிருந்து காற்றாக வந்தது, பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

“பேரெல்லாம் இன்னாத்துக்கு? ‘வா’ன்றதுக்குத் தெலுங்குக்காரன் சொல்ற மாதிரி ‘ரா’ன்னு கூப்புடு. எங்க இருந்தாலும் வந்துர்றேன்,” என்றாள் மாரம்மா.

அன்றிலிருந்து அவளுக்கு ‘ரா’ என்பதே பெயராயிற்று.

மனிதனுக்கு மூன்று பாஷை. மாட்டுக்கு ஒன்றே ஒன்று. அந்த உதட்டுச் சத்தத்துக்கு மாற்றுச் சொல் எந்த ஊரிலும் இல்லை. கவலை ஓட்டும் வேலை போனால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது, அவர்களுக்குச் சொந்தமாக ஒரு சாண் நிலமும் கிடையாது.

நாராயணப்பன் கூப்பிட்டு அனுப்பினார். “முனிவேலு கவல ஓட்டறேன்னு கேட்டுக்கினே இருக்கறான். அவனுக்கே குடுத்துர்றேன்,” என்றார்.

“அவருக்கு வாயிதானுங்க ஐயா போச்சி, கையி காலு நல்லாத்தான் இருக்குது. அந்தச் சத்தத்த நா போடறேனுங்க,” என்றாள் மாரம்மா.

“ஆளு ரெண்டானாலும் கூலி ஒண்ணுதான். ஒத்துக்கினா ஓட்டுங்க.”

“ஐயா,” என்றான் சென்றாயன்.

மாரம்மா உதடு வெடிக்கும்வரை பழகினாள். விடிந்ததிலிருந்து வெயில் ஏறும்வரை கிணற்றடியில் நின்று அவனுக்காக ஊதினாள். தண்ணீருக்கு வரும் பெண்கள், “ஏ மாரம்மா, ஊட்டுக்காரரும் நீ ஊதினாத்தான் நிப்பாரா?” என்று கேலி செய்வார்கள். “அவரு ஊதாமயே நிப்பாரு, அதான் தொல்ல,” என்று திருப்பிக் கொடுப்பாள். சென்றாயன் மேல்துண்டால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பான். இப்படியே சில வருஷம் ஓடியது.

அன்றைக்குச் சாலின் அடியிலிருந்த தோல்குழாய் கிழிந்தது. மாடுகளைச் சரிவின் அடியில் நிறுத்தி, சாலை மேலேயே தொங்கவிட்டு, மாரம்மா விளிம்பில் குனிந்து தைத்தாள். குழாயில் கோத்த தோல்வாரை மணிக்கட்டில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைப் பல்லில் கடித்திருந்தாள். முடிச்சுக்குச் செருக ஒரு குச்சி வேண்டும் என்று கையைக் காட்டினாள். சென்றாயன் மூக்கணாங்கயிற்றை ஒரு கட்டையில் மாட்டிவிட்டு வேலிப் பக்கம் போனான்.

பாரத்தோடு நின்ற மாடுகளுக்குப் பொறுக்கவில்லை. நின்றால் அடுத்தது பின்னால் ஏறுவது என்றுதான் அவற்றுக்குத் தெரியும். கட்டை பிடுங்கிக்கொண்டு வந்தது. மாடுகள் ஏறத் தொடங்கின.

சென்றாயன் பார்த்துவிட்டு ஓடிவந்தான். ஊதினான், வெறும் காற்று வந்தது. கிழிந்த உதட்டை இரண்டு விரலால் சேர்த்துப் பிடித்து ஊதினான், எச்சில் தெறித்தது. ஊதக்கூடியவள் வாயில் தோல்வாரோடு குனிந்திருந்தாள். கடைசியில் அவனிடம் இருந்த ஒரே சொல்லைக் கத்தினான்.

“ரா! ரா!”

கூப்பிட்டால் வருவது அவள் பழக்கம். சட்டென்று எழுந்தாள். அதே நேரம் சால் இறங்கியது. மணிக்கட்டில் சுற்றியிருந்த வார் அவளை நின்றவாக்கில் உள்ளே இழுத்தது. குனிந்தே இருந்திருந்தால் விளிம்புக் கல்லையாவது பிடித்திருப்பாள் என்று பிறகு ஊரில் சொன்னார்கள். அவன் காதுபடவே சொன்னார்கள். ஊர்வாய்க்கு உதடு நன்றாகத்தான் இருந்தது.

வலது மாட்டின் பின்னங்கால் தொட்டிக்கல்லில் இடித்தது. அதனால் மாடுகள் நின்றுவிட்டன. நாராயணப்பன் வந்ததும் முதலில் அந்தக் காலைத்தான் தடவிப் பார்த்தார்.

சாயங்காலம் மாரம்மாவைப் புதைத்தோம். குழியை மூடியபின் திரும்பிப் பார்க்காமல் நடக்கவேண்டும், இறந்தவரைக் கூப்பிடக்கூடாது என்பது எங்கள் வழக்கம். எல்லோரும் நடந்தோம். சென்றாயன் மட்டும் நின்று திரும்பினான்.

“ரா,” என்றான்.

“கூப்புடக் கூடாதுப்பா, நட,” என்று முனிவேல் அவன் தோளைப் பிடித்தான்.

சென்றாயன் நகரவில்லை. அவள் வரும்வரை நிற்பவனைப்போல மண்மேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றான்.