கொதிக்கவைத்த குழாய்

எங்கள் கல்லூரியில் பயோகெமிஸ்ட்ரி மூன்றாம் வருடம் வந்துவிட்டால் புராஜெக்ட் செய்ய மதுரைக்குப் போவதுதான் வழக்கம். அங்கே ஒரு புராஜெக்ட் சென்டரில் பணத்தைக் கட்டினால், ஏசி அறையில் ஒருவர் எல்லாவற்றையும் செய்து காட்டுவார். நாம் ஓரமாக நின்று போட்டோ எடுத்துக்கொள்ளலாம். ஒரு வாரத்தில் தங்க எழுத்து பதித்த புத்தகம் கைக்கு வந்துவிடும். எனக்கு முந்தைய செட் அக்கா ஒருவரிடம், "எந்தக் குழாயிலக்கா எதை ஊத்துனீக?" என்று ஆசையாகக் கேட்டேன். "போடி, வேலையப் பாரு" என்று பதில் வந்தது.

எனக்கு அது பொறுக்கவில்லை. மூன்று வருடம் கண்ணாடிக் குழாய் கழுவியது இன்னொருவர் செய்வதைப் போட்டோ எடுக்கவா? வகுப்பிலேயே எழுந்து, "நாங்க இங்கயே பண்றோம் மேடம்" என்று சொல்லிவிட்டேன். 'நாங்கள்' என்றது என்னையும் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தோழியையும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. தேவாரம் என்ற ஊர்க்காரி, அவள் அப்பாவுக்கு மின்வாரியத்தில் வேலை. பெஞ்சுக்கு அடியில் என் தொடையைக் கிள்ளினாள், ஆனால் அவளும் எழுந்து நின்றாள்.

துறைத்தலைவி மேடம் கோபப்படவில்லை. "மதுரைக்கு ரெண்டாவது பேட்ச் கிளம்புறவரைக்கும் டைம். அதுக்குள்ள நம்புற மாதிரி ஒரு ரிசல்ட் காட்டுங்க. இல்லேன்னா அந்த வேன்ல ஏறிடணும்" என்றார். அவருக்கு எங்கள் மேல் வெறுப்பு இல்லை, நம்பிக்கைதான் இல்லை. வெறுப்பாக இருந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

எங்களிடம் பெரிய கருவி எதுவும் இல்லாததால் எளிமையான என்சைம் ஒன்றைப் பிடித்தோம். பாலிபீனால் ஆக்சிடேஸ் என்று பெயர். பெயர்தான் பெரிது. வாழைக்காயை நறுக்கி வைத்தால் கறுத்துப்போகிறதே, அது இதன் வேலை. இலையை அரைத்துச் சாறு எடுத்து, கேட்டகால் என்ற ரசாயனத்தைச் சேர்த்தால் குழாய் பழுப்பாகும். எவ்வளவு சீக்கிரம் பழுப்பாகிறதோ அவ்வளவு என்சைம். எங்கள் வீட்டுக்குக் கம்பம் ஊர்ப் பக்கம் பன்னீர் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. பழத்தைத் தொட்டால் அப்பா விடமாட்டார், இலையைக் கேட்க ஆளில்லை. கொழுந்து இலையில் என்சைம் அதிகமா, முற்றின இலையில் அதிகமா என்பது எங்கள் கேள்வி.

சாறு சூடாகக் கூடாது. லேபில் ஐஸ் கிடையாது. பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த சர்பத் கடையில் ஐஸ் வாங்கி, தோழியின் டிபன் கேரியரில் போட்டுக்கொண்டு ஓடுவோம். கல்லூரி வாசல் வருவதற்குள் பாதி தண்ணீராகி அவள் சுடிதாரை நனைத்திருக்கும்.

முதல் தடவையே குழாய் பழுப்பானது. முற்றின இலைச் சாறு கொழுந்துச் சாற்றைவிட வேகமாகப் பழுப்பானது. நான் லேபிலேயே குதித்தேன். இவ்வளவுதானா ஆராய்ச்சி, இதற்கா மதுரைக்குப் போகிறார்கள் என்று தலைகால் புரியாமல் பேசினேன்.

மேடம் வந்து பார்த்தார். "கொதிக்கவச்ச குழாய் எங்க?" என்றார்.

அது சரியான கேள்வி. சாற்றைக் கொதிக்கவைத்தால் என்சைம் செத்துப்போகும். வெந்த வாழைக்காய் கறுப்பதில்லை, அதுபோல. கொதித்த சாற்றில் கேட்டகாலைச் சேர்த்தால் நிறம் மாறக் கூடாது. மாறாவிட்டால்தான் மற்றக் குழாயில் நடந்தது என்சைமின் வேலை என்று நம்பலாம்.

கொதிக்கவைத்தோம், ஆறவைத்தோம், கேட்டகாலை விட்டோம். அந்தக் குழாயும் பழுப்பானது.

சரியாகக் கொதிக்கவில்லை என்று இன்னும் நேரம் வைத்தோம். பழுப்பு. குழாய் அழுக்கு என்று எல்லாவற்றையும் ஆசிட் போட்டுக் கழுவினோம். பழுப்பு. இலையைக் குழாயடியில் தேய்த்துத் தேய்த்துக் கழுவி அரைத்தோம். அப்போதும் பழுப்பு. செத்த என்சைம் எப்படி வேலை செய்யும்? மேடம் இரண்டு நாள் பார்த்துவிட்டு, "வேன்ல ரெண்டு சீட் சொல்லி வைக்கிறேன்" என்றார். அன்று பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து அழுதேன். தோழி ஆறுதல் சொல்லவில்லை. "நாளைக்கு உங்க தோட்டத்துக்கு வாறேன். நானே இலை பறிக்கிறேன்" என்றாள். நான் பறிப்பதில்தான் கோளாறு என்று நினைக்கிறாள் என்று எனக்கு அவள்மேலும் கோபம்.

வந்தாள். பந்தலுக்கு அடியில் குனிந்து நுழைந்தவள் ஒரு முற்றின இலையைப் பறித்து வெளிச்சத்தில் பிடித்தாள்.

"ஏன்டி, உங்க இலையெல்லாம் நீலமா இருக்கு?"

"திராட்சை இலை அப்படித்தான்டி இருக்கும்."

"பச்சை இலை எப்படிடி நீலமா இருக்கும்?"

அவள் இலையை நகத்தால் சுரண்டினாள். நீலமும் வெள்ளையுமாகப் பொருக்கு உதிர்ந்தது. அது துத்தம். மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கலந்து, இலையில் பூஞ்சணம் வராமலிருக்க அடிப்பது. எங்கள் தோட்டத்தில் கொடியை வெட்டிவிடும் கவாத்து முடிந்து துளிர் விட்டதும் ஆரம்பித்தால் பழம் பறிக்கும்வரை ஓயாது. மழைக்கே கழுவிப்போகாத சரக்கு, குழாயடித் தண்ணீருக்கா போகும்? பிறந்ததிலிருந்து இந்தப் பந்தலுக்கு அடியில் வளர்ந்தவள் நான். துத்தம் இல்லாத திராட்சை இலையைப் பார்த்ததே இல்லை, அதனால் இலையின் நிறமே அதுதான் என்று என் கண் பழகிவிட்டது. உலகத்தில் கம்பம் பள்ளத்தாக்குத் திராட்சைத் தோட்டத்துக்காரியைத் தவிர வேறு யாருக்கும் இந்தத் தப்பு வராது என்று சத்தியம் செய்வேன்.

துத்தம் என்றால் தாமிரம். என்சைம் இல்லாமலேயே தாமிரம் கேட்டகாலைப் பழுப்பாக்கும் என்று பாடப் புத்தகத்தில் படித்துப் பரீட்சையும் எழுதியிருந்தோம். முற்றின இலைச் சாறு அதிகம் பழுப்பானதும் அதனால்தான், அதன்மேல் அதிகத் தடவை மருந்து விழுந்திருக்கிறது. நாங்கள் அத்தனை நாளும் அளந்தது அப்பாவின் ஸ்பிரேயரை.

மருந்து படாத இலை வேண்டும். அப்பாவிடம் ஒரு மூலையை அடிக்காமல் விடச் சொன்னேன்.

"ஆத்தா, அங்கன ஒரு இலையில நோய் வந்தாப் போதும், பந்தல் பூராம் போயிரும்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அந்தப் பந்தல்தான் எங்களுக்குச் சோறு, என் காலேஜும் அதுதான். கடைசியில் நான் ஒரு வழி சொன்னேன். அப்போதுதான் துளிர்த்திருந்த பக்கத்துப் பந்தலில் சில கிளைகளுக்கு மட்டும் மருந்து அடிக்கும்போது பாலிதீன் பை கட்டுவது, அடித்து முடித்ததும் அவிழ்த்துவிடுவது. அப்பா என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தார். "நோய் கண்டுச்சுன்னா கிளையோட வெட்டிருவேன்" என்றார். சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவை மருந்தடிக்கும்போதும் ஜவுளிக்கடைப் பைகளோடு பந்தலுக்கு அடியில் நானும் தோழியும் நின்றோம். வேலைக்கு வந்த அக்காக்கள், "கிளைக்குச் சேலை எடுத்துக் குடுத்திருக்கீகளா?" என்று கேட்டுக் கேட்டுச் சிரித்தார்கள். ஒவ்வொரு நாள் காலையிலும் நான் அந்த இலைகளைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். நோய் வரவில்லை.

துளிர் முற்றி வரும்போது இரண்டாவது பேட்ச் கிளம்பும் நாளும் நெருங்கிவிட்டது. வேன் கிளம்புவதற்கு முந்தின நாள் அந்தக் கிளைகளில் கொழுந்தும் முற்றின இலையும் பறித்து அரைத்தோம். கொதிக்காத குழாய் பழுப்பானது. கொதித்த குழாயில் கேட்டகாலை விட்டுவிட்டு நான் கண்ணை மூடிக்கொண்டேன். "தெறந்து பாருடி" என்றாள் தோழி. தண்ணீர் மாதிரி நின்றது. இந்தத் தடவை கொழுந்துதான் வேகமாகப் பழுப்பானது, முற்றினது பின்தங்கியது. எங்கள் பழைய ரிசல்ட் தலைகீழாகிவிட்டதே என்று எனக்குத் துளி வருத்தமில்லை. மேடத்தைக் கையோடு அழைத்துவந்து காட்டினோம். அவர் குழாயை ஜன்னல் பக்கம் பிடித்து நெடுநேரம் பார்த்தார். மறுநாள் அந்த வேன் எங்கள் இரண்டு சீட் காலியாகத்தான் போனது.

புராஜெக்ட் வைவா அன்று கேள்வி கேட்க வெளியூரிலிருந்து எக்ஸ்டர்னல் எக்ஸாமினர் வந்திருந்தார். எங்கள் புராஜெக்டைப் புரட்டியவர், "நல்லா வந்திருக்கு. எந்த சென்டர்ல பண்ணீங்க?" என்றார்.

"இங்கதான் சார்."

"அது சரி. பண்ணிக் குடுத்தது யாரு?"

என் காது சூடானது. இலையும் ஐஸும் டிபன் கேரியரில் தயாராக இருந்தன. சந்தேகப்பட்டால் செய்து காட்டிவிட வேண்டும் என்று காலையிலேயே கொண்டுவந்திருந்தோம். "இப்பவே பண்ணிக் காட்டுறோம் சார்" என்றேன். தோழி அதற்குள் அரைக்க ஆரம்பித்துவிட்டாள்.

துத்தம் அடித்த இலை ஒன்று, அடிக்காத இலை ஒன்று, இரண்டின் சாறும் கொதித்தது. கேட்டகாலை விட்டோம். முதலாவது பழுப்பானது, இரண்டாவது அசையவில்லை. அவர் விடவில்லை. "சுண்ணாம்பா இருக்கக் கூடாதா? தாமிரம்னு எப்படிச் சொல்றீங்க?"

"சுண்ணாம்பு மட்டும் போட்டும் பாத்தோம் சார். சாறோட சேக்குற பஃபர் கரைசல் அதோட காரத்தை அடக்கிடுது." சொல்லிக்கொண்டே, தெளிவாக நின்ற குழாயில் மயில்துத்தக் கரைசலைச் சொட்டாக விட்டேன். மேடம், அவர், வாசலில் முறைக்குக் காத்திருந்த பெண்கள் எல்லோரும் அந்தக் குழாயையே பார்த்தார்கள். மெல்ல மெல்ல, அடியிலிருந்து நிறம் ஏறியது.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சிரித்தார். அன்றைக்கு நான் பட்ட சந்தோஷம் அதற்குப் பிறகு எந்தப் பட்டத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை. கிளம்பும்போது அவர் மேடத்திடம், "அடுத்த வருஷம் மதுரைக்கு எத்தனை பேர் மேடம்?" என்று கேட்டார்.

"யாரையும் அனுப்பல சார்" என்றார் மேடம். "எங்க பிள்ளைக இங்கனயே பண்ணிக்கிருவாக."