பூஜை போட்ட சர்வர்

என் தங்கை சந்திரிகா சண்டை போடாமல் எதையும் பெற்றதில்லை. பெண்ணுக்கு எதற்கு என்று குறுக்கே நின்ற பெரியப்பாவை மீறி இன்ஜினீயரிங் சீட் வாங்கினாள். வேலையை விடச் சொன்னார்கள் என்று, தட்டு மாற்றும் வரை போன சம்பந்தத்தை நிறுத்தினாள். ஆண்களே நுழைந்துகொண்டிருந்த சர்வர் அறைக்குத் தனக்கும் ஒரு சாவி கேட்டு வாங்கினாள். நான் எட்டாம் வகுப்பு, தி.நகரில் ஜவுளிக்கடை. நம் ஜவுளி வியாபாரிகள் சங்க மலருக்கு அவளைப் பற்றி எழுதக் கேட்டவர்கள், யாரையும் குறை சொல்லாமல் எழுதச் சொன்னார்கள். அது என்னால் ஆகாது.

அடையாற்றில் அவள் இருந்த கம்பெனியின் பெயர் வேண்டாம். வாடிக்கையாளர்களின் இமெயில் வந்து போகிற சர்வர் மெஷின்களைத் தன் அறையிலேயே வைத்து ஓட்டிக் கொடுக்கிற கம்பெனி. கம்ப்யூட்டர் புரோகிராம்களில் திருடன் நுழைகிற மாதிரி ஓட்டைகள் இருக்குமாம். ஒன்று தெரிய வந்தால் வெளிநாட்டிலிருந்து எல்லோருக்கும் இமெயில் வரும். திருடனும் அதைப் படிப்பான். ஒரு லாட்டில் சாயம் போகிறது என்று மில் சொன்னால், அந்த லாட் நம் கடையில் எந்த ரேக்கில் கிடக்கிறது என்று தேடி எடுப்போமே, அதுதான் அவள் வேலை. எந்த வாடிக்கையாளர் மெஷினில் எந்த வெர்ஷன் ஓடுகிறது, எந்த ஓட்டை அடைபட்டது, எது பாக்கி என்று விடாமல் பார்த்து அறிக்கை எழுதுவாள். கையெழுத்து மட்டும் மேனேஜர் ராகவேந்திரனுடையது. "சின்னப் பொண்ணு கையெழுத்தைப் பார்த்தா கஸ்டமர் நம்ப மாட்டான்" என்பார்.

1998 ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு வரச் சொன்னார்கள். நானும் போனேன். மெஷின்களுக்கெல்லாம் சந்தனம், குங்குமம், கதம்பம். பூஜை முடிந்த கையோடு சந்திரிகா ராகவேந்திரனிடம் போனாள்.

"சார், மெயில் புரோகிராம்ல ஓட்டைன்னு இப்பதான் தகவல் பார்த்தேன். கிண்டி தோல் கம்பெனி மெஷின்ல அதே வெர்ஷன்தான் ஓடுது. பேட்ச் போட்டு அடைச்சுடறேன்."

"பூஜை பண்ணியாச்சு. இனிமே நாளைக்குத்தான் தொடணும்."

"அப்ப ஆஃப் பண்ணிடலாம் சார்."

"ஆஃப் பண்ணினா அவாளுக்கு ஆர்டர் எப்படி வரும்? அது பாட்டுக்கு ஓடட்டும். நாம தொடப்படாது, அவ்வளவுதான்."

"நாம தொடக் கூடாது. திருடன் தொடலாமா?"

நாலு பேர் சிரித்தார்கள். அவர் முகம் சுருங்கியது. அவளிடமிருந்த சர்வர் அறைச் சாவியைக் கேட்டு வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "உங்க கடையில பூஜை போட்ட கத்திரிக்கோலை அன்னிக்கே எடுப்பேளோ?"

"எடுக்க மாட்டோம் சார். ஆனா ஷட்டரை இறக்கிப் பூட்டிடுவோம். கடையத் திறந்து போட்டுட்டுக் கும்பிட மாட்டோம்."

பொரிகடலைப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு நகர்ந்தார்.

விடிந்து பார்த்தால் எவனோ புகுந்திருந்தான். தோல் கம்பெனிக்கு வந்திருந்த ஆர்டர் மெயில்கள் அத்தனையும் அழிந்துபோயிருந்தன. அதன் முதலாளி அப்துல் கய்யூம் போனிலேயே கத்தினார். திங்கட்கிழமை நேரில் வருவதாகச் சொன்னார். அதற்குள் ராகவேந்திரன் ஒரு கடிதம் தயார் செய்தார். தகவல் வந்ததைச் சந்திரிகா யாரிடமும் சொல்லவில்லை, தவறு முழுக்க அவளுடையது என்று அதில் இருந்தது.

"அண்ணே, கையெழுத்துப் போட்டா வேலை இருக்குமாம். போடலேன்னா இந்த ஊர்ல எவனும் என்னை எடுக்க மாட்டானாம்."

"நீ என்னட்டி சொன்ன?"

"இத்தனை நாள் என் கையெழுத்து ஆகாதுன்னீங்களே, இன்னைக்கு மட்டும் எப்படி இனிச்சுதுன்னு கேட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து தானே ஓர் அறிக்கை எழுதினாள். ஓட்டை எது, தகவல் எப்போது வந்தது, யாரிடம் சொன்னாள், அவர் என்ன பதில் சொன்னார், அதே ஓட்டை அடைபடாமல் இன்னும் எந்தெந்த வாடிக்கையாளர் மெஷின்களில் கிடக்கிறது என்று ஒன்றும் விடவில்லை. அந்த வாடிக்கையாளர்களுக்கும் ஆளுக்கொரு பிரதி எடுத்தாள்.

வேலை போயிற்று. போகட்டும். அந்த வாடிக்கையாளர்களில் மூன்று பேர் இப்போது தேனாம்பேட்டையில் அவள் சொந்தமாகப் போட்டிருக்கும் ஒற்றை அறை ஆபீசுக்குத்தான் வருகிறார்கள். இந்த மலரின் பிரதி ஒன்றை ராகவேந்திரனுக்கு நானே தபாலில் அனுப்புவேன்.

அந்தத் திங்கட்கிழமை நானும் அவளோடு போயிருந்தேன். அப்துல் கய்யூம் எதிரே அமர்ந்திருக்க, ராகவேந்திரன் நீட்டிய கடிதத்தை ஒதுக்கிவிட்டுத் தன் அறிக்கையை மேஜையில் வைத்தாள். பேனாவை என்னிடம்தான் வாங்கினாள். அடியில் சு. சந்திரிகா என்று எழுதி, பக்கத்தில் தேதி போட்டாள்: 5 அக்டோபர் 1998.