சஹனில் கட்டிய வரம்பு

“புள்ளையளுக்குச் சோறு தின்னக் குடுக்கிறதுக்கும் பட்டம் வேணுமா, மகள்?” என்று மாமா கேட்டார்.

வெள்ளம் வந்து நாங்கள் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் தங்கியிருந்த நேரம் அது. சமையலுக்கு மாமா பொறுப்பு, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள நான். எங்கள் குடும்பத்தில் முதலில் பல்கலைக்கழகம் போனவள் நான்தான். வீட்டுக்குள் தண்ணீர் ஏறியபோது உம்மா முதலில் தூக்கியது என் பட்டச் சான்றிதழை. சோற்றுப் பானையைப் பிறகுதான். அப்படிப்பட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது?

மூன்றாம் நாள் பிள்ளைகளுக்குத் தாள் கொடுத்து, விரும்பியதை வரையச் சொன்னேன். எல்லோரும் யானையும் தோணியும் வரைந்தார்கள். ஏழு வயதுப் பிள்ளை ஒருத்தி பெரிய வட்டம் போட்டு, அதைச் சுற்றிக் கைகளாக வரைந்திருந்தாள். கிட்டங்கிப் பக்கம் வயல் செய்கிற குடும்பம். அவளுடைய உம்மா பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில். இவள் உம்மாவின் தங்கையான சாச்சியோடு எங்களிடம் இருந்தாள்.

“இதுல உங்கட கை எது?”

“என்ட கை இன்னும் வரல்ல.”

எனக்கு அப்போதுதான் விளங்கியது. முகாமிலும் நாங்கள் கல்யாண வீடு மாதிரி சஹனில்தான் சாப்பாடு வைத்தோம். ஒரு பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர். சஹன் வெறுமையாகத் திரும்பினால் ஆறு பேரும் சாப்பிட்டார்கள் என்பது எங்கள் கணக்கு. ஐந்து பெரியவர்களுக்கு நடுவில் இவள் ஒவ்வொரு பருக்கையாக எடுப்பாள். அவள் இரண்டாவது வாய் எடுப்பதற்குள் சஹன் பளபளத்துவிடும். மூன்று நாளாக அவள் வயிற்றுக்குள் போனது தேத்தண்ணியும் பிஸ்கட்டும் மட்டும்தான்.

மாமாவிடம் போனேன். “புள்ளையளுக்குத் தனிச் சஹன் வேணும்.”

“தனிய உட்டா சோறு கூரையில இரிக்கும்.”

“கூரையில இரிந்தா நான் ஏறிக் கூட்டுறன்.”

அன்று பகல் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு சஹன் வைத்தோம். உட்கார்ந்ததுமே சண்டை தொடங்கியது. ஆளாளுக்குக் கையை வேலியாகப் போட்டார்கள். மாமா வாசலில் நின்று கூரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

அந்த நேரம்தான் என் வட்டக்காரி விரலால் சோற்றுக்கு நடுவே வரம்பு கட்டினாள். ஆறு வயல். ஒவ்வொரு வரம்பிலும் ஒரு வாய்க்கால் வெட்டினாள்.

“நான்தான் வட்டவிதானை. நான் சொல்ற நேரம்தான் தண்ணி,” என்றாள்.

வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டு விடுகிறவரைத்தான் எங்கள் பக்கம் வட்டவிதானை என்போம். தண்ணீர் என்று அவள் சொன்னது பருப்புக் கறியை. மூன்று நாளாக அவ்வளவாக வாய் திறக்காதவள், அகப்பையைப் பிடித்துக்கொண்டு முறை வைத்துக் கறி விட்டாள். ஒரு பொடியன் களவாக வரம்பை உடைத்தான். அவனுக்கு ஒரு போகம் தண்ணீர் இல்லை என்று தீர்ப்பானது. சோறு குறையக் குறைய, அவள் ஒவ்வொரு வயலாகக் கையை விட்டு ஒரு பிடி எடுத்துத் தன் வாயில் போட்டாள்.

“என்னகா, எங்கட சோத்தத் திங்கிறாய்?”

“வட்டவிதானைக்கு நெல் குடுக்கோணும். எங்கட வாப்பாவும் குடுக்கிற.”

மாமா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் பத்து வருடம் வட்டவிதானையாக இருந்தவர்.

“நானே இவ்வளவு எடுக்கல்ல, மகள்,” என்றார். பிறகு உள்ளே போய், இன்னொரு அகப்பை சோறு கொண்டுவந்து அவளுடைய வயலில் கொட்டினார்.

அவள் அதையும் முடித்தாள். நான் பக்கத்திலேயே இருந்து பார்த்தேன்.

இந்த வருட மழைக்கு முன்னால் பிரதேச செயலகத்தில் ஆயத்தக் கூட்டம் வைத்தார்கள். நேற்று அங்கே ஒரு கடிதம் கொடுத்துவிட்டு வந்தேன். முகாமில் பிள்ளைகளின் சஹன் முதலில் வைக்கப்பட வேண்டும். பக்கத்தில் ஒருவர் இருந்து, சஹனை அல்ல, பிள்ளையைப் பார்க்க வேண்டும். ஆதரவாளர் என்ற இடத்தில் மாமா கையெழுத்து வைத்திருக்கிறார். பொறுப்பாளர் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, பக்கத்தில் பட்டத்தையும் முழுதாக எழுதினேன்.