யாரும் பொட்டு வைக்காத சீட்டு

என் கைப்பையின் உள்ளறையில் ஒரு மஞ்சள் சீட்டு இருக்கிறது. பசை எப்போதோ காய்ந்துவிட்டது. 'பெற்றவர்கள் பொய் சொல்வார்கள்' என்று என் கையெழுத்தில் ஒரே வரி; அதன்மேல் மூன்று சிவப்பு ஸ்டிக்கர் பொட்டுகள். பொட்டுகளை ஒட்டியவர் சார். தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டில் ஒரு மாடியறையில் நாங்கள் ஆறு பேர் செல்போன் செயலிகளை வடிவமைத்த நாட்களில் எங்கள் டீம் லீடராக இருந்தவர். பத்து வருஷம் சிங்கப்பூரில் இருந்துவிட்டு, "நம்ம ஊர்லயே செய்யலாம்ங்க" என்று திரும்பி வந்த மனிதர்.

பிள்ளைகளைப் பிரிந்திருக்கும் பெற்றோருக்காக ஒரு செயலி செய்துகொண்டிருந்தோம். சார் எங்களைச் சுவர் முன்னால் நிறுத்தி, ஆளுக்கொரு கட்டு மஞ்சள் சீட்டு கொடுத்தார். தோன்றியதை எழுதி ஒட்ட வேண்டும், பெயர் போடக் கூடாது, பிறகு ஆளுக்கு மூன்று ஓட்டு. ஓட்டுக்கு வட்ட ஸ்டிக்கர் கிடைக்காமல் ஃபேன்சி ஸ்டோரில் பொட்டு அட்டை வாங்கி வந்திருந்தோம். நெற்றிக்கு வைக்க வேண்டியதைச் சுவருக்கு வைக்கிறோமே என்று ஒரே சிரிப்பு. சாருடைய யோசனைதான் ஜெயித்தது: காலை ஒன்பதுக்குப் பெற்றவர்கள் வீட்டு டேப்லெட்டில் மணி அடிக்கும், நலம் என்றால் பச்சைப் பொத்தான், இல்லையென்றால் சிவப்பு. பிள்ளையின் போனில் அந்த நிறம் தெரியும்.

என் வரியை நான் பெரிதாக யோசித்து எழுதவில்லை. அப்பா குவைத்தில் இருந்த வருஷம் புயலில் எங்கள் வீட்டு ஓடெல்லாம் பறந்தது. நனைந்த தரையில் நின்றுகொண்டு அம்மா போனில், "இங்க எல்லாரும் சௌக்கியம்" என்றதைக் கேட்டு வளர்ந்தவள் நான். சார் என் சீட்டை உரக்கப் படித்துவிட்டுச் சிரித்தார். "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாருங்க. வாய்க்கா தண்ணிக்கு ஊரையே எதுத்து நின்னவரு." எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். என் மூன்று பொட்டையும் பச்சைப் பொத்தானுக்கே வைத்தேன். என் சீட்டுக்கு நானே ஒன்று வைக்கவில்லை. இதை எழுதும்போதும் என்மேல் எனக்கு ஆத்திரம் வருகிறது.

குடவாசல் பக்கத்தில் தனியாக இருந்த சாரின் அப்பாவையும் சோதனைக்குச் சேர்த்தோம். ஞாயிறு தவறாமல் அப்பாவைப் பார்க்கப் போகிற சார், அந்த மாதம் வேலை நெருக்கடியில் போகவில்லை. "அதான் தினமும் பச்சை வருதே" என்றார். மூன்றாவது வாரம், கருத்துக் கேட்க நான் போனேன். கதவைத் தள்ளியதும் அழுகல் வாடை முகத்தில் அடித்தது. பெரியவர் கட்டிலில் கிடந்தார். மண்வெட்டி பட்ட காயம், சர்க்கரை உடம்பு. வேட்டித் துணி சுற்றிய வலது பாதம் கறுத்துப் போயிருந்தது. அந்த நேரம் பார்த்து மணி அடித்தது. தலைமாட்டில் கயிறு கட்டித் தொங்கவிட்டிருந்த டேப்லெட்டை எட்டி இழுத்து, என் கண்ணெதிரே, நிதானமாகப் பச்சையை அமுக்கினார்.

"ஐயா, என்னங்க இது!"

"செவப்ப அமுக்குனா வேலையப் போட்டுட்டு ஓடியாந்துடுவாம்மா. அவன்கிட்ட சொல்லிடாத."

வெளியே ஓடிவந்து சாருக்கு போன் செய்தேன். நான் வாய் திறக்குமுன், "இப்பதாங்க அப்பா பச்சை அமுக்குனாரு" என்றார் சந்தோஷமாக. அந்தக் குரல் இன்னும் என் காதில் இருக்கிறது.

பெரியவரின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பத்து நாள் கழித்து அலுவலகம் வந்த சார் நேரே சுவருக்குப் போனார். என் சீட்டில் மூன்று பொட்டை ஒட்டி, உரித்து, என்னிடம் கொடுத்தார். என் கையெழுத்து அவருக்குத் தெரியும். "நீங்க ஏன் என்கூட சண்டை போடலைங்க?" என்று மட்டும் கேட்டார். நான் சீட்டைக் கைப்பையின் உள்ளறையில் வைத்தேன்.

இப்போது நான் சிங்கப்பூரில் இருக்கிறேன். அம்மா ஊரில் தனியாக. இன்று காலை வீடியோவில், "நல்லாத்தான் இருக்கேன்டி" என்றாள். குரலில் என்னவோ இடறியது. கைப்பையிலிருந்து சீட்டை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு, "எழுந்து நடந்து காட்டும்மா" என்றேன். "உனக்கு வேற வேலை இல்ல, போ" என்று சிரித்துவிட்டு, உட்கார்ந்தபடியே கேமராவை வாசல் பக்கம் திருப்பினாள். அங்கே மணி எட்டாகியிருந்தது. ஒரு நாளும் தவறவிடாத அம்மாவின் வாசலில் கோலம் இல்லை.