பேக்கப் கம்ப்யூட்டருக்கு ஒரு சாவி

பாகூரில் நானும் என் கணவரும் போட்டோ ஸ்டூடியோ வைத்திருக்கிறோம். படம் எடுப்பது அவர். கம்ப்யூட்டர் வேலை என்னுடையது. ஒருமுறை ஹார்டு டிஸ்க் செத்துப்போய், குருவிநத்தத்துப் பெண் ஒருத்தியின் கல்யாணப் படங்கள் மொத்தமும் போய்விட்டன. அவளுடைய அம்மாவிடம் நான்தான் போய்ச் சொன்னேன். "ஒண்ணு கூடவா இல்ல?" என்று மட்டும் கேட்டார். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

அதற்குப் பிறகுதான் மாடியில் இருக்கும் எங்கள் வீட்டில் பழைய கம்ப்யூட்டர் ஒன்றைப் பேக்கப்புக்காக வைத்தேன். கீழே ஸ்டூடியோ கம்ப்யூட்டரில் சேரும் படங்களை அது தினமும் தானாகவே இழுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் ஒவ்வொரு தடவையும் பாஸ்வேர்டு கேட்டு நின்றது. பெங்களூரில் வேலை பார்க்கும் என் தங்கையைப் போனில் கூப்பிட்டேன். பாஸ்வேர்டுக்குப் பதில் எஸ்எஸ்ஹெச் சாவி செய்துகொள்ளச் சொன்னாள்.

கம்ப்யூட்டரிலேயே செய்தால் சாவி என்று இரண்டு ஃபைல்கள் வந்தன. ஒன்று பப்ளிக் கீ, இன்னொன்று பிரைவேட் கீ. திறக்க வேண்டியது ஸ்டூடியோ கம்ப்யூட்டர்தானே என்று பிரைவேட்டை அங்கே கொண்டுபோய் வைத்தேன். தங்கை பதறிப்போய், பிரைவேட் மாடியை விட்டு நகரவே கூடாது, கீழே போக வேண்டியது பப்ளிக் என்றாள். ஊருக்கே காட்டலாம் என்கிற ஒன்றுக்கும் எதற்குச் சாவி என்று பேர் வைத்தார்கள்? எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி செய்தேன்.

நான் மாடியிலிருந்து கையால் கட்டளை அடித்தால் ஸ்டூடியோ கம்ப்யூட்டர் இப்போது பாஸ்வேர்டு கேட்காமல் உள்ளே விட்டது. தினமும் படங்களை இழுப்பதற்காக மாடியில் போட்டிருந்த பேக்கப் புரோகிராம் போனால் அனுமதி இல்லை என்றது. அதே கம்ப்யூட்டர், அதே சாவி. ஒயரைக் கழற்றி மாட்டினேன், அணைத்துப் போட்டேன். எதுவும் மாறவில்லை. திரும்பவும் தங்கையைக் கூப்பிட்டேன்.

"நீ யாரா உள்ள போற?" என்று கேட்டாள்.

"நானாத்தான்."

"அந்த புரோகிராம் நீ இல்லக்கா. அந்த மெஷின்ல அதுக்குன்னு தனி யூசர் கீது. சாவி உங்கிட்டதான இருக்கு, அதுகிட்ட இல்லியே."

நான் ஒருத்தி மட்டுமே புழங்கிய கம்ப்யூட்டர் அது. அதற்குள் இன்னொருவர் இருப்பது எனக்கு எப்படித் தெரியும்? அவள் சொல்லச் சொல்ல அந்த யூசராகவே உள்ளே போய், அதன் பேரில் புதுச் சாவி செய்து, பப்ளிக்கைக் கீழே சேர்த்தேன். சாவிக்குப் பாஸ்வேர்டு கேட்ட இடத்தைக் காலியாக விடச் சொன்னாள், தானாக ஓடும் புரோகிராமுக்கு அதை அடிக்க ஆள் இருக்காதாம். பாதுகாப்புக்காகச் செய்கிற வேலையில் அதைக் காலியாக விடுவதா? விட்டேன். படங்கள் மேலே வர ஆரம்பித்தன.

ஒரு காதுகுத்துப் படத்தை மாடியில் திறந்து கணவரிடம் காட்டினேன். அவருக்குச் சந்தோஷம். "அந்தச் சாவி இன்னா, எங்க இருக்கு?" என்றார். மேலே ஒன்று, கீழே ஒன்று என்று ஆரம்பித்து, அதில் என்னுடையது எது, புரோகிராமுடையது எது என்று வந்ததும் எனக்கே குழம்பிவிட்டது. சாப்பிட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றேன்.