இரண்டாவது உருட்டு

குற்றாலத்தில் ஒரு பங்களாவில் நான் ஏழு சீசன் சமையல் பார்த்தேன். பங்களாக்காரர்களுக்குச் சொந்த வீடு தென்காசியில். ஆனி பிறந்து சாரல் விழுந்ததும் பாத்திரம் பண்டத்தோடு குற்றாலம் வந்துவிடுவார்கள். ஆடி முடிய இருப்பார்கள். ஐயா பாதி நாள் வெளியூர். வீட்டில் அம்மா வைத்ததுதான் சட்டம். பங்களா அம்மாவைத்தான் சொல்லுகிறேன். என்னைப் பெற்றவள் அப்போதே இல்லை. அப்பாவும் இல்லை. தங்கச்சி ஒருத்தி. தென்காசியில் சித்தி வீட்டில் இருந்தாள்.

அணா போய் நயா பைசா வந்த புதுசு. எனக்கு இருபத்தாறு வயது. அந்த வைகாசியில் தங்கச்சிக்கு ஒரு சம்பந்தம் வந்தது. இலஞ்சிப் பையன். போலீசில் சேர்ந்து ஒரு வருசம் ஆகியிருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போகும்போது வாசலில் நின்று ஒரு தடவை திரும்பினான். தங்கச்சியும் பார்த்தாள். அவள் அப்படி ஒருத்தரைப் பார்த்து நான் கண்டதில்லை.

பையனுடைய அப்பா நல்லபடிதான் பேசினார்.

"நகை நட்டு நாங்க கேக்கல. உங்களால ஆனதப் போடுங்க. மாப்பிள்ளைக்கு ஒரு வாட்ச் மட்டும் கட்டிவிட்டிருங்க. டூட்டிக்குப் போற பையன். ஆவணியில முகூர்த்தம் வச்சுக்கிடலாம். ஆடி கழியுமுன்ன வாட்ச் வாங்கியாச்சுன்னு ஒரு வார்த்தை வந்து சொல்லுங்க."

சரி என்று சொல்லிவிட்டேன். வாட்ச் அப்போது என்னைப் போல ஒருத்தன் கடைக்குள் போய்க் கேட்கிற சாமான் இல்லை. வாய் சொல்லிவிட்டது. எப்படி என்று யோசிக்கவில்லை. ஆனி போயிற்று. ஆடியும் பாதி போயிற்று.

அப்போதுதான் அந்த விருந்து.

மலைக்கு அந்தப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட் துரை வீட்டில் அம்மா ஒரு விளையாட்டைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். சாப்பிட வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பொட்டலம் கொண்டு வர வேண்டும். உள்ளே என்ன என்று சொல்லக் கூடாது. சாப்பிட்டு முடித்ததும் பொட்டலங்களை மேசை நடுவில் குவித்து, ஆளுக்கு ஒன்று எடுத்துப் பிரிக்க வேண்டும். பிறகு பகடை. வெள்ளையாக, கறுப்புப் புள்ளி வைத்து, ஒரே ஒரு காய். சுற்றி வரும். ஆறு விழுந்தால் யார் கையில் இருக்கிற சாமானையும் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். ஒன்று விழுந்தால் கையில் இருப்பதை இடது பக்கத்து ஆளோடு மாற்றியாக வேண்டும். மற்றது விழுந்தால் ஒன்றும் இல்லை. அலாரம் வைத்திருப்பார்கள். மணி அடிக்கும்போது யார் கையில் என்ன இருக்கிறதோ அது அவருக்குச் சொந்தம்.

எட்டுப் பேருக்குச் சமைத்தேன். ஏழு பேர்தான் உட்கார்ந்தார்கள். புளியறையிலிருந்து வர வேண்டிய மர வியாபாரி வரவில்லை. ரோட்டில் மரம் சாய்ந்து வழி அடைத்துவிட்டது. அவர் பொட்டலம் மட்டும் முந்தின நாளே வந்துவிட்டது.

சொதியும் கோலா உருண்டையும் கோழியும் போட்டேன். நன்றாகச் சாப்பிட்டார்கள். நான் தட்டெல்லாம் எடுத்துக்கொண்டிருந்தேன்.

"ஏழு பேருக்கு எட்டுப் பொட்டலம். கணக்கு இடிக்குதே" என்றார் அம்மா.

தென்காசி டாக்டர் ஒருத்தர் வந்திருந்தார். வயதானவர். "சமையக்காரத் தம்பிய உக்கார வைங்க. இம்புட்டு ருசியாப் போட்டுருக்கான். அவனும் உருட்டட்டும்" என்றார்.

அம்மாவுடைய தம்பிக்குச் சிரிப்பு. மெட்ராசில் வக்கீலுக்குப் படித்துக்கொண்டிருந்தார். சின்ன ஐயா என்று கூப்பிடுவோம். "அவனுக்கு உருட்டத் தெரிஞ்சது கோலா உருண்டை மட்டுந்தான்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"அந்த முக்காலிய இழுத்துப் போட்டு உக்காருப்பா" என்றார் அம்மா. "வராதவருக்கு என்ன கிடைச்சிருக்குமோ அது உனக்கு. நான் சொல்லுதேன்."

கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முக்காலி குட்டை. அவர்கள் எல்லாரும் நாற்காலியில். மேசை எனக்கு நெஞ்சு மட்டத்துக்கு வந்தது. எனக்கு இடது பக்கம் சின்ன ஐயா. எதிரே டாக்டர்.

பொட்டலம் எடுத்தோம். எனக்கு வாசனைச் சோப்பு, பெட்டியில் மூன்று. தங்கச்சிக்கு ஆகும் என்று நினைத்தேன். சின்ன ஐயாவுக்குக் கண்ணாடியில் சிகரெட் சாம்பல் தட்டும் கிண்ணம். "அக்கா முன்னால இத வச்சு நான் என்ன செய்ய?" என்றார். அதற்கும் சிரிப்பு.

டாக்டர் பிரித்தது நீலப் பெட்டி. உள்ளே வாட்ச். மர வியாபாரி அனுப்பியது.

"அவருக்குக் கிறுக்கு. விளையாட்டுக்குப் போய் வாட்ச்சா வைக்கிறது?" என்றார் அம்மா. டாக்டர் அதைக் காதில் வைத்துக் கேட்டார். "நல்லாத்தான் ஓடுது" என்றார்.

அதற்குப் பிறகு அவர்கள் பேசினது எதுவும் எனக்கு விளங்கவில்லை.

அலாரத்தை அம்மா கால் மணி நேரத்துக்கு வைத்தார். பகடை சுற்ற ஆரம்பித்தது. வாட்ச் கை மாறியது. ஒரு அம்மாள் வாங்கினாள். இன்னொருத்தர் பறித்தார். திரும்ப டாக்டரிடமே வந்தது. எனக்கு முதலில் மூன்று விழுந்தது. அடுத்து ஐந்து. ஐந்து விழுந்ததும் என் கை திரும்பப் பகடைக்குப் போயிற்று.

"போதும் போதும். ஒருக்காத்தான் உருட்டணும். இது உங்க தாயக்கட்டை இல்ல" என்றார் அம்மா.

எங்கள் தெருவில் தாயம் ஆடாத வீடு கிடையாது. நானும் தங்கச்சியும் மழை பெய்தால் அதுதான் ஆடுவோம். தாயம் என்றால் ஒன்று. அது விழாமல் காய் இறங்காது. தாயம், ஐந்து, ஆறு, பன்னிரண்டு, இதில் எது விழுந்தாலும் திரும்ப உருட்ட வேண்டும். உருட்டாமல் இருந்தால் எதிராளி ஏசுவான். அது விளையாட்டுச் சட்டம் என்றே எங்களுக்குத் தோன்றாது. சாப்பிட்டால் கை கழுவுகிற மாதிரி.

மூன்றாவது சுற்றில் எனக்கு ஆறு விழுந்தது.

"என்ன வேணும்டே? கேளு" என்றார் டாக்டர். அவருக்குத் தெரிந்திருந்தது.

"வாட்ச்" என்றேன்.

"எடுத்துக்கோ. உனக்கு யோகம்" என்று நீட்டினார். சோப்புப் பெட்டியை அவரிடம் கொடுத்துவிட்டு வாட்ச்சை இடது கையில் வாங்கினேன். சில்லென்று இருந்தது. ஓடுவது உள்ளங்கையில் தெரிந்தது. இலஞ்சிக்கு நாளைக்கே போய்ச் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். தங்கச்சியிடம் எப்படிச் சொல்ல என்று நினைத்தேன். பகடை என் முன்னால்தான் கிடந்தது. வலது கை அதை எடுத்து உருட்டிவிட்டது.

ஆறு விழுந்தால் உருட்ட வேண்டும். கை அதைத்தான் படித்திருந்தது. வேறு காரணம் இல்லை.

ஒன்று விழுந்தது.

"தாயம்!" என்று கத்திவிட்டேன். மூன்றாவது தடவை உருட்டவும் கை போயிற்று.

சின்ன ஐயா மேசையில் ஓங்கித் தட்டினார்.

"அக்கா, ஒண்ணு போட்டுட்டான்! இடது பக்கம் நான். கொண்டா இங்க."

"அது எப்படி? அவன் முறை ஆறோட முடிஞ்சிட்டு. ரெண்டாவது உருட்டு செல்லாதுல்லா" என்றார் டாக்டர்.

"கையை விட்டு உருண்டாச்சுன்னா உருண்டாச்சு. தாயம்னு அவனே கூவிட்டான்."

"தெரியாம உருட்டிட்டாம்ய்யா."

"தெரியாம என்ன? அக்கா அப்பமே சொல்லித்தான இருக்கா."

அலாரம் அடித்தது. அம்மா அதைத் தட்டி நிறுத்தினார். எல்லாரும் அவர் முகத்தைப் பார்த்தார்கள்.

"யாரு அவன உருட்டச் சொன்னா? அவனாத்தான உருட்டினான். உருட்டினதுக்கு உள்ளதுதான்" என்றார் அம்மா.

டாக்டர் தலையை ஆட்டிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். சின்ன ஐயா என்னைப் பார்த்தார். அவர் மோசமான ஆள் இல்லை. அதையும் சொல்ல வேண்டும்.

"என்னலே சொல்லுத? உனக்கு வேணும்னா சொல்லு, விட்டுருதேன்" என்றார்.

தங்கச்சி கல்யாணத்துக்கு வேணும். மூன்று வார்த்தை. சொல்லியிருந்தால் கொடுத்திருப்பார். டாக்டரும் பேசியிருப்பார். ஏழு பேர் குனிந்து என்னைப் பார்த்தார்கள். நான் முக்காலியில் இருந்தேன். விளையாட்டில் தோற்றுவிட்டுக் கெஞ்சுகிறான் என்று நினைப்பார்களோ என்று இருந்தது. கொடுத்த பிறகு, பிச்சை வாங்கினான் என்று வருசம் பூராச் சொல்லுவார்களோ என்றும் இருந்தது.

"நீங்களே வச்சுக்கிடுங்க ஐயா" என்றேன்.

இதைச் சொன்னது கை இல்லை. நான்.

அவர் கையில் ஏற்கெனவே ஒரு வாட்ச் இருந்தது. கண்ணாடிக் கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, புதுசையும் அதே கையில் கட்டிக்கொண்டார். "இது மெட்ராஸ் டைம். இது குத்தாலம் டைம்" என்று காட்டினார். நான் எழுந்து போய்ப் பாயசம் கொண்டு வந்து ஊற்றினேன்.

மறுநாள் காலையில் அம்மா சமையல்கட்டுக்கு வந்தார். "அந்தக் கண்ணாடிக் கிண்ணத்தை வச்சு நீ என்ன செய்யப் போற? கூடத்துல வச்சா வந்து போறவங்களுக்கு ஆகும்" என்றார். எடுத்துக் கொடுத்தேன்.

அன்றைக்குச் சின்ன ஐயா அருவிக்குப் புறப்பட்டார். எண்ணெய்க் கிண்ணமும் துண்டும் தூக்கிக்கொண்டு நானும் போனேன். எண்ணெய் தேய்த்துவிடுகிறவனிடம் உட்காருமுன் இரண்டு வாட்ச்சையும் கழற்றினார். பழசைச் சட்டைப் பையில் போட்டு, சட்டையை என் தோளில் போட்டார். புதுசை என் கையில் கொடுத்தார்.

"எண்ணெ படக் கூடாது, தண்ணி படக் கூடாது. கையிலயே வச்சிரு. குரங்கு நிக்கி பாரு, பாத்துக்கோ" என்றார்.

ஒரு மணி நேரம் நின்றேன். வாட்ச்சைத் துண்டுக்கு அடியில் பொத்தி வைத்திருந்தேன். எனக்குப் பத்தடி முன்னால் ஒரு அம்மாளுடைய மூக்குக் கண்ணாடியைக் குரங்கு பிடுங்கிக்கொண்டு மரத்தில் ஏறிற்று. கூட்டமே பார்த்தது. அந்த அம்மாள் அழுதாள். போலீஸ்காரர் விசில் ஊதினார். குரங்கு இறங்கவில்லை. அந்தக் கண்ணாடி அவ்வளவுதான்.

அப்போது எனக்கு ஒரு நினைப்பு வந்தது. சின்ன ஐயா அருவிக்குள் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறார். வந்ததும், குரங்கு கொண்டு போயிட்டு என்று சொன்னால் முடிந்தது. யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். வாட்ச்சை வேட்டி மடியில் செருகினேன். பிறகு வெளியே எடுத்தேன். திரும்பச் செருகினேன். திரும்ப எடுத்தேன். வெளியே எடுத்தது நல்லவன் என்பதால் இல்லை. பயம்.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தார். கொடுத்தேன். "பத்திரமா வச்சிருந்தியே. நல்ல பயதான்" என்று ஒரு துட்டு கொடுத்தார். வாங்கிக்கொண்டேன்.

ஆடி கடைசியில் இலஞ்சிக்கு நடந்து போனேன். தை வரைக்கும் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். பையனுடைய அப்பா மோர் கொடுத்தார். "தம்பி, நாங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு. சரின்னு சொன்னது நீங்க. இப்பம் தைங்கிய. தையில என்ன சொல்லுவீயளோ" என்றார். மோரைக் குடித்துவிட்டு எழுந்தேன். அந்த ஆவணியிலேயே பையனுக்குக் கீழப்பாவூரில் கல்யாணம் நடந்தது. பெண் வீட்டில் வாட்ச் போட்டார்கள் என்று கேள்விப்பட்டோம்.

தங்கச்சி அழவில்லை. அதற்கு அடுத்து இரண்டு வருசம் ஒரு சம்பந்தமும் வரவில்லை. பேச்சு முறிந்த பெண் என்று சித்தி தெருவில் ஒரு பேர் விழுந்துவிட்டது. கடைசியில் புளியறையில் ஒருத்தருக்கு இரண்டாம் தாரமாகக் கொடுத்தோம். செக்போஸ்ட் பக்கத்தில் அவருக்குச் சாப்பாட்டுக் கடை. அவர் வாட்ச் கேட்கவில்லை. சமைக்க ஆள்தான் கேட்டார். லாரிக்காரர்களுக்குக் காலையிலிருந்து அவள்தான் அடுப்பில் நின்றாள். அவர் கை நீட்டுகிற ஆள். கன்னத்தில் தடம் கிடந்த நாளில் நான் போனால், அடுப்புச் சூடு என்பாள்.

பங்களா வேலையை நான் உடனே விடவில்லை. விட்டால் வேறு எங்கே போக. வருசா வருசம் அந்த விளையாட்டு நடந்தது. ஆள் குறைந்த வருசமும் உண்டு. அந்த நேரம் பார்த்துப் பாயசம் அடி பிடிக்கும் என்று சொல்லிவிட்டு அடுப்படியிலேயே இருந்துகொள்வேன்.

அறுபதுகளில் ஒரு நாள் புளியறைக்குப் போயிருந்தேன். தங்கச்சி புருசன் கடையில் இல்லை. தங்கச்சி எனக்கு இலை போட்டாள். பக்கத்து இலையில் ஒரு லாரிக்காரர், பழகின ஆள், போலீஸ்காரர்களைப் பற்றி ஏதோ குறை சொல்லிக்கொண்டிருந்தார்.

"போலீஸ்காரனுவள எங்கிட்ட கேளுங்க அண்ணாச்சி" என்றாள் தங்கச்சி. "இலஞ்சியில ஒருத்தன் என்னயப் பாத்துட்டுப் போனான். ஒரு வாட்ச்சுக்காக ஓடிப் போயிட்டான். மனுசன் வேணும்னா நின்னிருப்பாம்லா. கீழப்பாவூர்க்காரி கடியாரத்தத்தான் கெட்டிக்கிட்டான். விளங்குவானா அவன்?"

லாரிக்காரர் சிரித்தார். "உங்க அண்ணன் ஒண்ணு வாங்கிப் போட்டிருக்கலாம்லா?" என்றார்.

"அவன் பாவம் எங்க போவான்?" என்றாள். சோறு வைத்தாள். என் பக்கம் திரும்பினாள். "உன் கைக்கு எட்டியிருந்தா எனக்குச் செய்யாம இருந்திருப்பியா அண்ணே?"

நான் சோற்றில் குழி பறித்தேன்.

"குழம்பு ஊத்து" என்றேன்.

ஊற்றினாள்.